சுமப்பவள் ஒருத்தி, தீர்ப்பவன் ஒருவனா?

ஜொகூர் மாநிலத்திலே குளுவாங், பத்து பகாட், பொந்தியான், கூலாய் முதலிய வட்டாரங்களில் சில ஏக்கர் செம்பனையை நம்பி வாழும் குடும்பங்கள் பல உள. அங்கே உதிர்ந்த பழத்தைக் குனிந்து பொறுக்குபவள் யார்? களை பிடுங்குபவள் யார்? பெரும்பாலும் பெண்ணே. ஆனால் மரத்தில் புழு கண்டால் எம்மருந்தை வாங்குவது, எப்போது அடிப்பது, அடிக்கத்தான் வேண்டுமா என்று முடிவு கட்டுபவர் யார்? ஆண். இதனை இயற்கை நியதி போலக் கருதுவோர் நம்மிடையே ஏராளம். நாமோ இதனை அநீதி என்கிறோம். அநீதி மட்டுமன்று, நஷ்டமும் என்கிறோம்.

"மருந்தைப்பற்றிப் பெண்ணுக்கு என்ன தெரியும்?" என்று கேட்கும் கனவான்களுக்கு ஒரு சரித்திரத்தை நினைவூட்டுவோம். பாரக்குவாட் என்னும் களைக்கொல்லியைப் பல்லாண்டுகள் முதுகிற் சுமந்து தெளித்தவருள் நம் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் மிகப் பலர். உட்சென்றால் உயிர்குடிக்கும் அந்நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. நகம் கருகியதையும், தோல் வெந்ததையும், மூக்கில் இரத்தம் கசிந்ததையும் அவர்கள் தம் உடலால் அறிந்தனர். 1991இல் ஐரீன் பெர்னாண்டஸ் அம்மையார் தொடங்கிய தெனாகானித்தா இயக்கம் அவர்தம் வாக்குமூலங்களைத் திரட்டி உலகறியச் செய்தது. 2002இல் அரசாங்கம் அம்மருந்தைப் படிப்படியாக ஒழிப்பதென்றது. 2006இல் அத்தீர்மானத்தைத் தளர்த்தியது. முற்றிலும் தடை வந்ததோ 2020 ஜனவரி முதல் நாளில். தீமையை அறிந்தவர் ஒருவர், தீர்மானித்தவர் வேறொருவர், இடையிற் கழிந்தவை பதினெட்டு ஆண்டுகள்! இன்று தோட்டங்களில் அச்சுமையைப் பெரும்பாலும் அயல்நாட்டுத் தொழிலாளர் தாங்குகின்றனர். சுமை கைமாறிற்று, அதிகாரம் கைமாறவில்லை.

பூச்சியை வெல்லும் வழி யாது? முதலிற் காண்பதே முதல் வழி. மலாய்மொழியில் 'உலாட் புங்குஸ்' எனப்படும் பைப்புழு ஓலையைத் தின்று மரத்தை எலும்புக்கூடாக்குவது. 2013இல் அரசாங்கம் அதனை அபாயகரமான பூச்சியென்று அறிவித்தது. காண்டாமிருக வண்டு மக்கிய மரத்தண்டில் முட்டையிடுகிறது. கானோடெர்மா என்னும் பூசணம் மரத்தின் அடியைக் குடைந்தபின் அங்கே காளானாக வெளிப்படுகிறது. அடிமரத்தருகே நாள்தோறும் குனிபவள் கண்ணுக்கன்றோ அக்காளான் முதலிற் படும்? அவள் சொல் அம்பலம் ஏறாத வீட்டில் நோய் ஒரு மரத்திலிருந்து பல மரத்துக்குப் பரவுமா, பரவாதா?

மருந்து ஒன்றே பரிகாரம் என்பதும் பொய். இந்தோனேசியாவில் நெல்லைத் தாக்கிய பழுப்புத் தத்துப்பூச்சி, மருந்தடிக்க அடிக்கப் பெருகிற்று. அதனைத் தின்னும் சிலந்திகளையும் பிற உயிர்களையும் மருந்து கொன்றதே காரணம். 1986இல் அந்நாட்டு அரசு 57 மருந்துகளை நெல்வயலில் தடுத்தது. செம்பனைக்கும் இத்தகைய வழிகள் உண்டு. பைப்புழுவை அழிக்கும் குளவிகளுக்குத் தேனூட்டக் கொடிரோஜா போன்ற பூச்செடிகளை வளர்க்கலாம். எலியைப் பிடிக்கக் கூகைக்குக் கூட்டுப்பெட்டி நாட்டலாம். கூகை அலறினால் சாவு வருமென்று அஞ்சி அதனை விரட்டும் வீடுகள் நம்மவரிடையே இன்றும் இல்லையா? "பெண்கள் மூடநம்பிக்கை உடையவர்கள்" என்று நகைக்கும் ஆடவரை நாம் கேட்கிறோம்: அவளைப் பயிற்சிக் கூட்டத்துக்கு என்றேனும் அழைத்துச் சென்றீர்களா?

அழைப்போலை நிலப்பத்திரத்தில் பெயருள்ளவருக்கே வருகிறது என்பர். உண்மைதான். 1960ஆம் ஆண்டுக் குழுக்குடியேற்றச் சட்டத்தின்கீழ் பெல்டா குடியேற்றங்களில் நிலம் கணவன் பெயரில் நின்றது. மனைவியும் கூட்டுரிமை பெறும் வழி 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தாலே பிறந்தது. அக்குடியேற்றங்களில் பெரும்பாலோர் மலாய்க் குடும்பத்தாரே. ஆயினும் பாடம் நமக்கும் பொது. பெயரில்லாதவளுக்கு அழைப்பில்லை, அழைப்பில்லாதவளுக்கு அறிவில்லை, பிறகு அறிவில்லை என்று சொல்லியே பெயரை மறுக்கிறோம். இவ்வட்டத்தை அமைத்தவள் பெண்ணன்று.

"கூட்டம் போட்டாலும் பெண்கள் வருவதில்லையே" என்பது மற்றொரு சமாதானம். உலை கொதிக்கும் வேளையில், வண்டியில்லாத தூரத்தில், அவளுக்கு விளங்காத சொற்களில் கூட்டம் நடந்தால் யார் வருவார்?

ஆகவே நாம் வேண்டுவன இவை. நிலப்பத்திரத்தில் மனைவியின் பெயரும் இடம்பெறுக. விவசாய இலாகாவினரும் செம்பனை வாரியத்தினரும் அவளையும் பெயர்சொல்லி அழைக்க. தமிழறிந்தவர்க்குத் தமிழிலும் விளக்குக. மருந்துப் புட்டியின் விலையையும் விஷத்தையும் அறியாமல் ஒருவரும் அதனைத் தொடலாகாது. 'இன்று தெளிக்க வேண்டாம்' என்று அவள் சொன்னால் அச்சொல் செல்லுபடியாக வேண்டும். பட்டணத்துத் தமிழர்களே, இது தோட்டக்காட்டுச் சங்கதி என்று ஒதுங்காதீர். உங்கள் தாய்மாரும் பாட்டிமாரும் சுமந்த பம்பு அது. அவர்கள் நுரையீரலைக் கேட்டு முடிவெடுக்காத சமூகம், மகள்களின் அறிவையேனும் கேட்டு முடிவெடுக்கட்டும்.