வெள்ளத்தில் கழிவறை பொங்குவது ஏன்?

அடைமழைக் காலத்தில் டெல்டா வீடுகளில் இப்படி நடப்பதுண்டு. வாசற்படியில்கூட தண்ணீர் ஏறியிருக்காது. ஆனால், கழிவறைக் கோப்பையில் 'குளுக் குளுக்' என்று சத்தம் கேட்கும். சற்று நேரத்தில் அழுக்குத் தண்ணீர் மேலே வரும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியதே... அதுபோன்ற நாள்களில் செப்டிக் டேங்க்கைச் சுற்றியுள்ள மண்ணுக்குத் தண்ணீரைக் குடிக்கவே இடமிருக்காது.

தண்ணீர் தன் மட்டத்தைத் தேடும். வெளியில் நிற்கும் நீர் கோப்பையைவிட உயரமாக இருந்தால், குழாய் வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். ரோடு போடும்போதெல்லாம் தெரு உயர்ந்து, வீடு பள்ளத்தில் இறங்கியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

பாய்மரப் படகு ஓட்டுபவர்களுக்கு இது தினசரிக் கவலை. படகுக் கழிவறையின் கோப்பை பெரும்பாலும் கடல்மட்டத்துக்குக் கீழேதான் இருக்கும். வால்வை மூட மறந்தால், டிரம்மிலிருந்து டீசலை டியூப் போட்டு இறக்குவதுபோல கடல்நீர் தானாக உள்ளே இறங்கும், படகே மூழ்கலாம். அதனால், குழாயைக் கடல்மட்டத்துக்கு மேலே வளைத்துக் கொண்டுபோய், உச்சியில் காற்று புக ஒரு வழி வைப்பார்கள். காற்று புகுந்தால் இழுப்பு நின்றுவிடும். உபயோகித்ததும் வால்வையும் மூடிவிடுவார்கள். 1945 ஏப்ரலில் ஜெர்மனியின் 'யு-1206' நீர்மூழ்கிக் கப்பல் ஸ்காட்லாந்து அருகே மூழ்கியதற்குத் தொடக்கமே, கழிவறையைத் தவறாக இயக்கியதில் புகுந்த கடல்நீர்தான்!

நம் வீட்டுக்கும் அதே உபாயம்தான். புதிதாகக் கட்டுபவர்கள், ஊரில் இதுவரை வெள்ளம் ஏறிய உயரத்தைப் பெரியவர்களிடம் கேட்டு, அதற்கு மேலே கோப்பையை வையுங்கள். பழைய வீடு என்றால், செப்டிக் டேங்க்குக்குப் போகும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்தச் சொல்லுங்கள். கடைமடையில் கடல்நீர் வயலுக்குள் ஏறாமல் ஷட்டர் தடுக்கிறதே, அந்த வேலைதான். ஒரு துணித்துண்டு சிக்கினாலும் வால்வு மூடாது. ஐப்பசிக்கு முன்பே திறந்து சுத்தம் செய்ய வேண்டும். முக்கியமாக, வெள்ளத்தில் வால்வு மூடியிருக்கும்போது நீங்கள் ஊற்றும் தண்ணீரும் வெளியே போகாது. அந்த நேரத்தில் கழிவறையைப் பயன்படுத்தக் கூடாது.

வால்வு இல்லையா? கெட்டியான பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பிக் கட்டி, கோப்பையின் வாயை அடைக்கலாம். தற்காலிகத்துக்கு அது போதும். அவசரப்பட்டு லாரி வைத்து டேங்க்கை முழுக்கக் காலி செய்துவிடாதீர்கள். சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது காலி டேங்க் மேலே தூக்கும், விரிசலும் விடும்.

காவிரிக் கரையிலுள்ள முசிறியில் 'ஸ்கோப்' தொண்டு நிறுவனம் இதற்கு வேறு வழி கண்டது. குழியே தோண்டாமல், தரைக்கு மேலே தொட்டி கட்டி, சிறுநீரைத் தனியே பிரித்து, மலத்தின் மேல் சாம்பல் தூவும் 'ஈகோசான்' கழிவறை அது. மட்கியது வயலுக்கு உரமாகிறது.

வெள்ளம் வடிந்ததும் அடிபம்பு, கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள். குளோரின் போட்டு முடிக்கும்வரை நன்றாகக் கொதிக்க வைத்தே குழந்தைகளுக்குக் கொடுங்கள்.