மடித்து அனுப்பிய அறை

விண்வெளி வீரர்கள் துணி அறைக்குள்ளும் இருந்திருக்கிறார்கள் என்று வகுப்பில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். துணி என்றால் பலவீனம் என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. அது பிழையான எண்ணம் என்பேன்.

உலோக அறை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை அதை ஏற்றிச் செல்லும் றொக்கெட்டின் அகலமே தீர்மானிக்கிறது. துணி அறையை மடித்து ஏற்றலாம்; மேலே போனதும் காற்றூட்டி விரிக்கலாம். 2016 ஏப்ரலில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்ற 'பீம்' என்ற அறை மடிந்திருந்தபோது 3.6 கன மீற்றர். விரிந்தபின் 16 கன மீற்றர்.

ஓட்டை விழாதா என்று கேட்பீர்கள். துப்பாக்கிக் குண்டைவிடப் பன்மடங்கு வேகத்தில் வரும் துகள் முதல் அடுக்கில் மோதியதும் நொறுங்கும். இடைவெளி விட்டு அமைத்த அடுத்த அடுக்குகளில் அந்தத் தூள் பரந்து வலுவிழக்கும். உள்ளே காற்றழுத்தத்தைத் தாங்குவது உறுதியான இழைகளால் நெய்த வேறோர் அடுக்கு.

உண்மையான சிக்கல் மடிப்பில்தான் வந்தது. மே 26ஆம் திகதி காற்றைச் செலுத்தியபோது பீம் சரியாக விரியவில்லை. றொக்கெட் விபத்தொன்றால் பயணம் தள்ளிப்போக, அது திட்டமிட்டதைவிடப் பல மாதங்கள் கூடுதலாக மடிந்தே கிடந்திருந்தது. துணி விறைத்துப்போய்விட்டது. சென்ற பெருநாளுக்கு உடுத்து அலுமாரியில் வைத்த சாரியை இந்தப் பெருநாளுக்கு எடுத்துப் பார்த்தால் உம்மாமாருக்கு இது விளங்கும்! இரண்டு நாட்களின் பின் ஜெஃப் வில்லியம்ஸ் என்ற வீரர் ஏழு மணி நேரத்துக்கு மேலாக, 25 தடவைகள் வால்வைத் திறந்து மூடி, சிறிது சிறிதாகக் காற்றைவிட்டு அதை விரித்தார்.

ஆகவே இத்தகைய அறையை வடிவமைப்போர், அது எவ்வளவு காலம் மடிந்து கிடக்கலாம் என்பதையும் அழுத்தத்தைப் போலவே கடுமையாகப் பரீட்சிக்க வேண்டும். அதற்கு இழையும் நெசவும் தையலும் அறிந்தவர்கள் வடிவமைப்பு மேசையில் வேண்டும். நாமோ உயர்தரத்துக்குப் பாடம் தெரியும்போதே, தையலில் கெட்டிக்காரி கலைப்பிரிவுக்கு, கணக்கில் கெட்டிக்காரி கணிதப்பிரிவுக்கு என்று பிரித்துவிடுகிறோம். இரண்டிலும் கெட்டிக்காரியாக இருப்பவளை என்ன செய்வது? பெற்றோர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு ஆண்டுப் பரீட்சார்த்தமாக அனுப்பப்பட்ட பீம், அந்தத் தவணை முடிந்தும் கழற்றப்படவில்லை. அதைக் களஞ்சிய அறையாக்கிச் சாமான்களை அடுக்கினார்கள்.