ஆய்வு முடிவுகள் ஊருக்கும் தெரியட்டும்



மனையியல் கல்விக்கென 1957-இல் கோவையில் பெண்கள் கல்லூரியைத் தொடங்கினார் தி.சு. அவினாசிலிங்கம். ஊட்டச்சத்து அறிஞர் ராஜம்மாள் தேவதாஸ் அதை வளர்த்தெடுத்தார். இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகிவிட்ட அந்தக் கல்லூரியிலும், சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் உணவுப் பழக்கம், ரத்தசோகை, சர்க்கரை நோய் பற்றி மாணவிகள் ஆய்வு செய்கிறார்கள். ஆனால், முடிவுகள் பெரும்பாலும் ஆங்கில ஆய்வேடுகளாக நூலகத்திலேயே தங்கிவிடுகின்றன.

தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. களியும் கம்மங்கூழும் கொள்ளுப் பருப்பும் உண்ட கொங்கு மண்ணில், இப்போது பேக்கரி டீயும் பப்ஸும்தான் பலருக்கு மாலை ஆகாரம். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும்; நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் கூடும். இந்த எளிய செய்தி எத்தனை மில் விடுதிகளுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது?

ஒவ்வோர் ஆய்வேட்டுடனும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தைக் கட்டாயமாக்க வேண்டும். ஆய்வுக்குத் தகவல் தந்த பள்ளிக்கும் விடுதிக்கும் மாணவிகளே நேரில் சென்று அதை விளக்க வேண்டும். அந்தப் பணிக்கும் கல்லூரிகள் மதிப்பெண் வழங்கலாம்.

– ஒரு வாசகி,
சிங்காநல்லூர், கோவை.