கடைசித் தேதி யாருக்கு?

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு உயர்கல்வி பற்றிப் பேச ஒருத்தரைக் கூட்டி வந்தார்கள். பிளஸ் டூ பசங்களை எல்லாம் மரத்தடியில் உட்காரவைத்து ஒண்ணரை மணிநேரம் பேசினார். படிக்கிறதுக்குப் பணம் ஒரு தடையே இல்லை, மனசுதான் தடை என்றார். அரசாங்கம் அள்ளிக் கொடுக்குது, வாங்கிக்க உங்களுக்குத்தான் தெம்பில்லை என்றார். எல்லாரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எரிச்சல் வந்தது. அந்த மனுசனுக்கு என் அக்காவைத் தெரியாது.

அக்கா 2019-இல் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாள். கலந்தாய்வில் கிடைத்த இடம். எங்கள் காலனியிலிருந்து இன்ஜினியரிங் போன முதல் பொண்ணு. 2023-இல் ஒரு அரியர் இல்லாமல் முடித்தாள். இப்போது டவுனில் ஒரு துணிக்கடையில் பிரித்துப்போட்ட புடவைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய பிளஸ் டூ மார்க் ஷீட்டும் டிகிரி சான்றிதழும் கல்லூரி ஆபீஸ் பீரோவில் இருக்கின்றன. ‘பாக்கியைக் கட்டிட்டு வாங்கிட்டுப் போ’ என்கிறார்கள். எந்தப் பாக்கி? உதவித்தொகை வராத பாக்கி. அரசாங்கம் தரவேண்டிய பணத்துக்கு என் அக்காவின் நாலு வருசப் படிப்பு அடமானத்தில் கிடக்கிறது.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவிப்புக் கொடுத்திருக்கிறது. அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அப்பா போனார். கிளார்க் வாங்கிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதிலேயே பாக்கிக் கணக்கை எழுதித் திருப்பிக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

இதைச் சொன்னால், ‘உங்களுக்கென்னப்பா, எல்லாத்தையும் கவர்மென்டே கட்டுது’ என்று ஊர்த்தெருப் பசங்க சொல்கிறார்கள். வகுப்பில் ‘எஸ்.சி. பசங்கள்லாம் எழுந்திரு, ஸ்காலர்ஷிப் பாரம் வாங்கிக்கோ’ என்று நிற்க வைக்கிறபோது மொத்த வகுப்பும் எங்களைத் திரும்பிப் பார்க்குமே, அந்தப் பார்வையில் இருப்பதும் இதுதான். வாங்காத பணத்துக்கு வாங்கின பேரு.

சட்டத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தாலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே தரும் என்று 2012-இல் தமிழ்நாடு அரசு 92-ஆம் எண் அரசாணை போட்டது. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை இந்த உதவித்தொகைக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் என்று முடிவு செய்தது. நூற்றுக்கு 60 ஒன்றியம், 40 மாநிலம். அதற்கு முந்தின மூன்று வருசம் டெல்லி கொடுத்தது ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடிதான் என்று அவர்களே அந்த அறிவிப்பில் ஒப்புக்கொண்டார்கள். அக்கா சேர்ந்த வருசமும் அதில் ஒன்று. 2021-22 முதல் ஒன்றியத்தின் பங்கு நேராக மாணவர் வங்கிக் கணக்குக்கு வரும் என்றார்கள். இடைத்தரகர் இல்லையாம். நல்லதுதான். ஆனால் எப்போது வரும்?

என் வழக்கே இதுதான், தோழர்களே. கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி இருக்கிறது. தாண்டினால் அபராதம், அதையும் தாண்டினால் ஹால் டிக்கெட் கிடையாது. நாங்கள் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடவும் கடைசித் தேதி இருக்கிறது. ஒருநாள் பிந்தினால் அந்த வருசமே போச்சு. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிவிட்டு, ஆதார் வங்கிக் கணக்கோடு சேரவில்லை என்று அம்மா இரண்டுநாள் கூலியை விட்டுவிட்டு வங்கி வாசலில் நிற்கிறாள். இத்தனை தேதிகளில் அரசாங்கம் பணம் போடுவதற்கு மட்டும் ஒரு கடைசித் தேதியைக் காட்டுங்கள் பார்ப்போம்.

அக்காவின் மூன்றாம் வருசப் பணம் நாலாம் வருசம் முடியும்போது வந்தது. அதற்குள் அம்மா இரண்டு குழுவில் லோன் எடுத்து அந்தக் கட்டணத்தைக் கட்டியிருந்தாள். வந்த பணம் குழுத் தவணைக்கும் வட்டிக்கும் போயிற்று. நாலாம் வருசப் பணத்தில் ஒரு பகுதி இன்னும் வரவில்லை. கல்லூரியில் கேட்டால், ‘உன் அக்கவுன்ட்லதான் காசு விழுந்துச்சே, தின்னுட்டியா?’ என்கிறார்கள். பணம் வராமல் இல்லை. பிந்தி வருகிறது. இந்த இடைவெளிக்கு வட்டி கட்டுகிறவன் கூலிக்காரன். ஊர்த்தெருப் புள்ளைக்கு இந்த இடைவெளியில் ஒரு காணி நிலம் நிற்கிறது, நகை நிற்கிறது, மாமன் நிற்கிறான். நமக்கு யார் நிற்கிறார்கள்? நாலு லட்சம் வரை கல்விக்கடனுக்கு வங்கி ஈடு கேட்கக் கூடாது என்பது விதி. கேட்டுப் பாருங்கள். ‘பட்டா இருக்கா?’ என்பதுதான் முதல் கேள்வி.

எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2024-இல் உத்தரப் பிரதேசத்துத் தலித் மாணவர் ஒருவருக்கு தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. அப்பாவுக்கு நாள் கூலி 450 ரூபாய். சேரக் கட்டவேண்டியது 17,500. ஜூன் 24, மாலை 5 மணி கெடு. ஊரெல்லாம் கேட்டுப் பணத்தைச் சேர்த்துவிட்டார்கள், கெடுவுக்குள் இணையத்தில் கட்டி முடிக்க முடியவில்லை. இடம் போனது. அந்த வருசத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் அந்தப் புள்ளை நம் சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும் வந்து அலைந்தது. கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்சநீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 142-ஆம் பிரிவில் தனக்குள்ள தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரைச் சேர்க்கச் சொன்னது. தீர்ப்பைப் பாராட்டி எல்லாரும் எழுதினார்கள். நான் கேட்பது வேறு. ஒரு கூலிக்காரர் மகன் சில நிமிசம் பிந்தியதற்கு நாட்டின் தலைமை நீதிபதி வரை போகவேண்டியிருந்தது. அரசாங்கம் ஒரு வருசம் பிந்தினால் நாங்கள் எந்த நீதிபதியிடம் போவது?

ஏழை என்றால் யார் என்பதிலும் இதே சூதுதான். இந்த உதவித்தொகை கேட்க, பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும். 2021 முதல் 2026 வரைக்குமான விதியிலும் அதே இரண்டரை லட்சம். மாதக் கணக்கில் 20,833 ரூபாய். ஒரு துப்புரவுத் தொழிலாளி நிரந்தரமாகிச் சம்பளம் ஏறினால் அன்றோடு அவர் புள்ளை பணக்காரன். ஆனால் 2019-இல் முன்னேறிய சாதியில் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு 10 சதவீதம் என்று கொண்டுவந்தார்களே, அங்கே நலிந்தவருக்கு வரம்பு எட்டு லட்சம். ஒரே நாடு, ஒரே அரசாங்கம். அவர்களுக்கு எட்டு லட்சம் வரை ஏழ்மை, நமக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் வசதி!

‘உதவித்தொகை’ என்ற பேரே எனக்குப் பிடிக்கவில்லை. உதவி என்றால் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம், நேரம் கிடைக்கும்போது செய்யலாம். அம்பேத்கர் படித்த காலத்தில் அது அப்படித்தான் இருந்தது. பரோடா மன்னர் மாதம் 25 ரூபாய் கொடுத்து பம்பாயில் பி.ஏ. படித்தார். 1913-இல் மன்னர் பணத்திலேயே கொலம்பியா போனார். 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார். வேலை பார்த்துச் சேர்த்து, சாகு மகராஜிடமும் நண்பரிடமும் வாங்கி, 1920-இல்தான் மறுபடி லண்டன் போக முடிந்தது. அம்பேத்கருக்கே மூன்று வருசம் நின்றுபோனது. அந்த வலி தெரிந்தவர் என்பதால்தான் வைசிராய் நிர்வாக சபையில் உட்கார்ந்ததும் 1942-லேயே நம் மாணவர்களின் படிப்புக்கு அரசு பணம் ஒதுக்கவேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்தார். 1944-இல் இந்தத் திட்டம் வந்தது. மன்னரின் தயவாக இருந்ததை அரசாங்கத்தின் கடமையாக மாற்றினார். அதைத்தான் இவர்கள் மறுபடியும் தயவாக்கி வைத்திருக்கிறார்கள்.

முடியாது என்றும் சொல்லமுடியாது. 2022-இல் புதுமைப்பெண், 2024-இல் தமிழ்ப்புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய் கணக்கில் போடக் கற்றுக்கொண்ட அரசுதானே? 2021-இல் தொழிற்கல்வியில் அரசுப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏழரை சதவீதம் ஒதுக்கி, கட்டணமும் விடுதிச் செலவும் தானே ஏற்பதாகச் சொன்ன அரசுதானே? அந்த ஏழரைக்குள் எனக்கு இடம் கிடைத்தால் தப்பித்தேன். கிடைக்காத மிச்சப் பேர்?

நான் பர்ஸ்ட் குரூப் கேட்டபோது, ‘உனக்கு எதுக்கு இது, வொகேஷனல் எடுத்தா சீக்கிரம் வேலைக்குப் போலாம்’ என்று ஒரு ஆசிரியர் சொன்னார். சண்டை போட்டுத்தான் வாங்கினேன். பாதி வருசம் எங்களுக்கு பிசிக்ஸ் எடுக்க ஆள் இல்லை. அக்காவின் பழைய நோட்டை வைத்து நாலு பேர் கூடிப் படிக்கிறோம். கடைக்குப் போய்விட்டு ராத்திரி ஒன்பதரைக்கு வந்து கால் வீங்கிய அக்கா எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள். மார்க் வரும். அதில் எனக்குப் பயமில்லை. ‘உன் சர்டிபிகேட்டையும் கொண்டுபோய் அடமானம் வைக்கணுமா?’ என்று அப்பா கேட்கிறாரே, அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

அதனால் உங்களையும் ஒன்று கேட்கவேண்டும். ஏப்ரல் 14-க்குக் கொடி கட்டுகிறீர்கள், மாலை போடுகிறீர்கள், பிளக்ஸ் வைக்கிறீர்கள். எங்கள் காலனி முகப்பில் மட்டும் மூன்று அமைப்பின் பலகை இருக்கிறது. அப்பா தனியாக அந்தக் கல்லூரிக்கு ஒன்பது தடவை போயிருக்கிறார். ஒரு தடவைகூட அவர் பக்கத்தில் ஒரு பலகையும் நிற்கவில்லை. உதவித்தொகை வந்து சேரும்வரை எந்தக் கல்லூரியும் ஒரு தலித் மாணவரிடம் கட்டணம் கேட்கக் கூடாது, சான்றிதழைத் தொடக் கூடாது, பணம் பிந்தினால் வட்டியோடு அரசு கட்டவேண்டும். இதைத் தீர்மானமாகப் போடுவது சுலபம். வருகிற ஜூனில் சேர்க்கை தொடங்கும்போது கல்லூரி ஆபீஸ் ஜன்னல் முன்னால் எங்களோடு வந்து நிற்க வேண்டும்.

அதற்கு முன்னால் அக்காவின் சான்றிதழ் விசயமாக அப்பா பத்தாவது தடவை போகிறார். திங்கட்கிழமை, காலை ஏழு மணி பஸ். யார் வருகிறீர்கள்?