கச்சேரி டிக்கெட்: கள்ளச் சந்தையை ஒழிக்க ஆப் மட்டும் போதுமா?

"லிங்க் ஓப்பன் ஆன உடனே உள்ள போனேன். அதுக்குள்ள தீர்ந்துபோச்சு." பெரிய இசை நிகழ்ச்சி அறிவிக்கப்படும்போதெல்லாம் கேட்கும் புலம்பல் இது. தீர்ந்துபோன டிக்கெட், சற்று நேரத்தில் வேறொரு தளத்தில் பல மடங்கு விலையில் தலைகாட்டும்.

2024 செப்டம்பர் 22-ல் இதுதான் நடந்தது. மும்பையில் நடக்கவிருந்த கோல்ட்பிளே நிகழ்ச்சிக்காக புக்மைஷோவில் சுமார் 1.3 கோடி பேர் முட்டி மோதினார்கள். 2,500 ரூபாயில் தொடங்கிய டிக்கெட்டுகள் மறுவிற்பனைத் தளங்களில் லட்சங்களைத் தொட்டன. பின்னர் அமலாக்கத் துறை சோதனையில் இறங்கியது.

சிக்கல் எங்கே?

பல நிகழ்ச்சிகளில் டிக்கெட் என்பது ஒரு கியூஆர் கோடு மட்டுமே. யார் காட்டினாலும் கதவு திறக்கும். அதனால்தான் மொத்தமாக வாங்கிப் பதுக்குவது லாபமான தொழிலாகிறது.

லண்டனில் 2014-ல் பில் ஹட்சன் தொடங்கிய 'டைஸ்' நிறுவனம் இங்கேதான் கைவைத்தது. டிக்கெட் வாங்கியவரின் செல்போன் ஆப்பிலேயே இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து விற்க முடியாது. போக முடியாதவர் திருப்பிக் கொடுத்தால், காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்கு அது போகும். இடையில் புரோக்கருக்கு வேலை இல்லை.

நமக்கும் இது புதிதல்ல. 2025 ஜூலை 1 முதல், ஐஆர்சிடிசியில் தத்கல் டிக்கெட் எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். முன்பதிவு தொடங்கும் முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகளுக்கு அனுமதி இல்லை.

ஆப் மட்டும் போதுமா?

போதாது. 2023 செப்டம்பர் 10-ல் சென்னை பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியில், முறையாகக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய பலரே நெரிசலில் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். அன்று தோற்றது கூட்ட நிர்வாகம். எந்த ஆப்பும் அதைச் சரிசெய்யாது.

விலைக்கும் சட்டம் வேண்டும். 2021-ல் அயர்லாந்து, பெரிய அரங்க நிகழ்ச்சிகளின் டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதைக் குற்றமாக்கியது. இங்கும் அப்படியொரு தெளிவான சட்டம் தேவை. எத்தனை டிக்கெட் விற்றது, எத்தனை பேருக்கு இடம் என்பதை அமைப்பாளர் முன்கூட்டியே வெளியிட வேண்டும்.

செம்பட்டியிலிருந்து ஒரு ரசிகர் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து சென்னைக்கு ரயில் பிடிக்க வேண்டும். டிக்கெட் விலையோடு ரயில் செலவு, தங்கும் செலவு, ஒரு நாள் சம்பளம் எல்லாம் சேரும். கேட்டில் திருப்பி அனுப்பப்பட்டால், டிக்கெட் பணம் ரீஃபண்ட் ஆகலாம். மற்றதை யார் தருவது? வேகமான நெட்டும் கனத்த பர்ஸும் உள்ளவர் மட்டுமே ரசிகர் என்று எந்த நிறுவனமும் முடிவு செய்துவிடக் கூடாது.