லினக்ஸ் டெஸ்க்டாப்பில் நேரடியாக 'ரூட்' ஆக நுழைய விடலாமா?

விண்டோஸிலிருந்து உபுண்டுவுக்கு மாறுபவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி இது: "கம்ப்யூட்டர் என்னோடது. அப்புறம் எதுக்கு ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்குது? நேரா அட்மினாவே லாகின் பண்ண விட்டா என்ன?"

நியாயமான கேள்விதான். ஆனால், பிரபலமான பல லினக்ஸ் வகைகள் இதற்கு 'முடியாது' என்கின்றன. உபுண்டு 2004-ல் வந்த முதல் பதிப்பிலிருந்தே அட்மின் கணக்கான 'ரூட்'டைப் பூட்டித்தான் தருகிறது. டெபியனில் ரூட்டுக்குப் பாஸ்வேர்டு வைக்கலாம், கறுப்புத் திரையில் டைப் செய்து நுழையவும் செய்யலாம். அதே பாஸ்வேர்டை க்னோம் லாகின் திரையில் கொடுத்தால் உள்ளே விடாது.

அதென்ன, ஒரு திரையில் சரி, இன்னொன்றில் தப்பு?

கறுப்புத் திரையில் ரூட்டாக ஒரு கட்டளை கொடுத்தால் ஓடுவது பெரும்பாலும் அந்த ஒரு கட்டளைதான். டெஸ்க்டாப் அப்படியில்லை. லாகின் ஆன நொடியிலேயே பேனல், நோட்டிஃபிகேஷன், ஃபைல்களைத் துழாவிப் பட்டியல் போடும் புரோகிராம், படங்களுக்குக் குட்டிப் படம் தயாரிக்கும் புரோகிராம் என டஜன் கணக்கில் பின்னணியில் ஓட ஆரம்பித்துவிடும். ரூட்டாக நுழைந்தால் இவை அத்தனைக்கும் முழு அதிகாரம். யாரோ அனுப்பிய ஒரு படம் டவுன்லோட்ஸில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படத்தில் விஷமம் இருந்து, அதைப் படிக்கும் புரோகிராமில் ஓட்டையும் இருந்தால், ஃபோல்டரைத் திறந்ததுமே மொத்த கம்ப்யூட்டரும் கை மாறிவிடலாம். குரோமும் விஎல்சியும் சாதாரணமாக ரூட் கணக்கில் திறக்க மறுப்பது இதனால்தான்.

வைரஸ்கூட வேண்டாம், ஒரு ஸ்பேஸ் போதும். லேப்டாப்களில் என்விடியா கார்டை இயக்க உதவிய 'பம்பிள்பீ' என்ற மென்பொருளில் 2011-ல் அதுதான் நடந்தது. ஏதோ ஒரு சின்ன ஃபோல்டரை அழிக்கச் சொல்லும் வரியில் தவறுதலாக ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. கம்ப்யூட்டரின் பெரும்பாலான மென்பொருட்கள் குடியிருக்கும் 'யுஎஸ்ஆர்' ஃபோல்டரையே அது அழித்தது. இன்ஸ்டால் செய்யும்போது ரூட் அதிகாரம் கொடுக்கப்பட்டிருந்ததால் தடுக்க எதுவும் இல்லை.

2015-ல் இதேபோல இன்னொன்று. 'ஸ்டீம்' கேம் மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில், அதன் ஃபோல்டரை இடம் மாற்றியவர்களுக்கு ஒரு ஸ்கிரிப்ட் கிறுக்குப் பிடித்து 'எல்லாவற்றையும் அழி' என்று ஓடியது. ஓடியது சாதாரணப் பயனர் கணக்கில். அதனால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் தப்பித்தது. பயனரின் சொந்த ஃபைல்கள் போய்விட்டன. செருகியிருந்த எக்ஸ்டர்னல் டிரைவில் இருந்தவையும் சேர்த்து.

ரூட் லாகினுக்காக வாதாடுபவர்கள் பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். பூட்டு காப்பாற்றியது எதை? அரை மணி நேரத்தில் திரும்பப் போட்டுக்கொள்ளக்கூடிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை. குடும்ப போட்டோக்களும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் எப்போதும் சாதாரணக் கணக்கில்தானே இருக்கின்றன? இது உண்மை, மறுக்க முடியாது. ஒரே ஆள் பயன்படுத்தும் லேப்டாப்பில் ரூட் பூட்டு பேக்கப்புக்கு மாற்று ஆகாது.

ஆனால், கதவைத் திறந்துவிட அது காரணம் ஆகாது. சாதாரணக் கணக்கில் புகுந்த விஷமத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வழி உண்டு. ரூட்டைப் பிடித்த விஷமம், தேடும் கருவியையே மாற்றி எழுதி ஒளிந்துகொள்ளும். ஹேக்கிங் சோதனைக்கென்றே உருவான காளி லினக்ஸ் பல ஆண்டுகள் ரூட்டாகவே திறந்தது. 2020 ஜனவரியில் வந்த பதிப்பிலிருந்து அதுவும் சாதாரணக் கணக்குக்கு மாறியது. அலுவலகத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. நாலு பேர் ஒரே ரூட் பாஸ்வேர்டில் நுழைந்தால், சர்வரை யார் கெடுத்தது என்பது பதிவில் இருக்காது. 'சூடோ' வழியே செய்தால் பெயரும் நேரமும் பதிவாகும்.

அதே சமயம், தடுப்பவர்களும் சில சமயம் அதிகப்படியாகப் போகிறார்கள். 2017-ல் கேடிஇ குழு, டால்ஃபின் ஃபைல் மேனேஜர் ரூட்டாகத் திறக்கவே திறக்காது என்று ஆக்கியது. மாற்று வழி தயாராக இல்லை. பயனர்கள் பொங்கினார்கள், பிறகு தடை தளர்ந்தது. கேட் எடிட்டரில் வந்த தீர்வுதான் சரியானது: புரோகிராம் சாதாரணமாக ஓடும், பூட்டிய ஃபைலை சேவ் செய்யும்போது மட்டும் பாஸ்வேர்டு கேட்கும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் அதிகாரம், வேலை முடிந்ததும் அதுவும் முடிந்தது.

ஆகவே பூட்டு இருக்கட்டும். லாகின் திரையில் 'ரூட்டாக நுழை' என்று ஒரு பட்டன் வைக்க வேண்டியதில்லை. வைத்தால் அதுவே பழக்கமாகிவிடும். ஆனால் சாவி உரிமையாளரிடம் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் காசு கொடுத்து வாங்கியவருக்கே ரூட் கிடையாது, எப்படியாவது எடுத்தால் பல பேங்க் ஆப்கள் ஓட மறுக்கும். டெபியனில் அந்தத் தடை ஒரு செட்டிங் ஃபைலில் இருக்கும் ஒரே ஒரு வரி. சோதனைக்காக விர்ச்சுவல் மெஷினில் விளையாடுபவர் அதை எடுத்துவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை.

சரிசெய்ய வேண்டியது வேறொன்று. ரூட் என்று டைப் செய்து சரியான பாஸ்வேர்டையே கொடுத்தாலும், லாகின் திரை ஏதோ தப்பான பாஸ்வேர்டு கொடுத்ததுபோலப் பொதுவான ஒரு வரியோடு திருப்பி அனுப்புகிறது. புதியவர் பாஸ்வேர்டை மறந்துவிட்டதாக நினைத்து மாற்றி மாற்றி அடித்துப் பார்ப்பார். 'இந்தத் திரையில் ரூட்டுக்கு அனுமதி இல்லை. உங்கள் கணக்கில் நுழைந்து தேவைப்படும்போது பாஸ்வேர்டு கொடுங்கள்' என்று எழுதிக் காட்ட இரண்டு வரி போதும்.