ஈயக் குழாய்க்கு வக்காலத்து வேண்டாம்

பூமிக்கடியில் கிடக்கும் ஈயக் குழாய்களை மாற்ற, பெரும்பாலான குடிநீர் அமைப்புகளுக்குப் பத்தாண்டுக் கெடு விதித்தது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை. 2024 அக்டோபரில் வந்த அந்த விதியை எதிர்ப்பவர்கள் மூன்று வாதங்களை வைக்கிறார்கள். மூன்றும் பொய்த்துப்போனவை.

முதல் வாதம்: தண்ணீரில் பாஸ்பேட் சேர்த்தால் குழாயின் உட்சுவரில் படலம் படியும், ஈயம் கரையாது. படலம் படிவது உண்மை. ஆனால் அது நிலைக்க, மருந்து ஒருநாளும் தவறக்கூடாது. மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் தவறியது. 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க ஆற்றுநீருக்கு மாறியவர்கள், அரிப்புத் தடுப்பு மருந்தைச் சேர்க்கவே இல்லை. இயந்திரப் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அந்தத் தண்ணீரை வேண்டாமென்றது. ஆலைக்கு வேறு தண்ணீர் கிடைத்தது. குழந்தைகளோ மேலும் ஓராண்டு அதையே குடித்தார்கள். அவர்கள் ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா 2015 செப்டம்பரில் அம்பலப்படுத்தியபோது, அதிகாரிகள் முதலில் அவரைத்தான் குறை சொன்னார்கள்.

இரண்டாவது வாதம்: வீட்டு எல்லைக்குள் வரும் குழாய் தனியார் சொத்து, உரிமையாளரே மாற்றட்டும். சிகாகோவில் இணைப்புக் குழாய் ஈயத்தில்தான் இருக்க வேண்டும் என்று 1986 வரை கட்டாயப்படுத்தியது நகராட்சி விதி. நாடெங்கும் தடை வந்த பிறகே அது நின்றது. சட்டம் போட்டுப் புதைக்கவைத்த நஞ்சுக்கு வீட்டுக்காரரிடம் பில் நீட்டுவது அநியாயம். வாடகைக்குக் குடியிருப்பவருக்கோ குழாயைத் தொடும் உரிமைகூட இல்லை.

மூன்றாவது வாதம்: இவ்வளவு வேலை நடக்காது. நியூ ஜெர்சியின் நியூவார்க் நகரம் சுமார் 23,000 குழாய்களை மூன்றே ஆண்டுகளுக்குள் மாற்றியது. வீட்டுக்காரரிடம் காசு வாங்கவில்லை. மனமிருந்தால் நடக்கும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

தண்ணீரில் கரைந்த ஈயத்துக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் போகாது. கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் தாய்க்குத் தெரியாமலே அது புட்டிக்குள் இறங்கி, வளரும் மூளையைத் தாக்குகிறது. குழந்தைக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கிடையாது. போன அறிவுத்திறனை எந்த மருந்தும் மீட்டுத் தராது.

குழாய்களை மாற்றி முடிக்கும்வரை பாஸ்பேட் சேர்க்கட்டும், வடிகட்டி கொடுக்கட்டும். அவற்றைக் காட்டி மாற்றாமல் இருக்கச் சொல்பவர்கள் மிச்சப்படுத்துவது பணத்தை. பறிகொடுப்பது பிறர் பிள்ளைகளின் எதிர்காலத்தை. குழாயைத் தோண்டியெடுப்பதே ஒரே தீர்வு.